தக்காளி இலை மஞ்சளானால் உரத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தக்காளிச் செடியில் ஓர் இலை மஞ்சளானதும் உரப்பையை எடுத்துவிடுவது புதிதாகச் செடி வளர்ப்போர் பலரின் வழக்கம். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் செய்தேன். தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகிக்கொண்டிருந்த செடிக்குச் சத்துக் குறைவு என்று நானே முடிவு கட்டி, உரக்கரைசலை மேலும் மேலும் ஊற்றிப் பத்தே நாளில் அதைக் கொன்றேன். ஆகவே இந்த விளக்கத்தில் உரம் கடைசியில்தான் வருகிறது.

படி 1: மண்ணுக்குள் விரலை விடுங்கள்

மேல்மண்ணின் நிறத்தை நம்ப வேண்டாம். விரலை இரண்டு அங்குல ஆழம் வரை நுழைத்துப் பாருங்கள்; மண் சொதசொதவென்று இருந்தால் சிக்கல் பெரும்பாலும் நீரில்தான் இருக்கிறது. நீர் நிறைந்த மண்ணில் வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. மூச்சு முட்டும் வேரால், மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாது. தொட்டியின் வடிகால் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பார்த்துவிட்டு, விரல் நுழையும் ஆழத்தில் மண் ஓரளவு காயும்வரை நீர் ஊற்றாமல் இருங்கள்.

படி 2: மஞ்சள் கீழே தொடங்கியதா, மேலே தொடங்கியதா?

ஈரம் சரியாக இருந்தால் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் தன் உடலுக்குள் இடம் மாற்றிக்கொள்ள முடியும். பற்றாக்குறை வரும்போது முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால், மஞ்சள் கீழிருந்து மேலே ஏறுகிறது. இரும்புச்சத்தை அவ்வாறு எளிதில் நகர்த்த முடியாது. அது குறைந்தால் கொழுந்திலைதான் முதலில் வெளுக்கும்.

கீழிலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, செடியும் மெலிந்து நின்றால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். இலை நரம்புகள் பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைந்துள்ளது. இலையின் விளிம்பு மஞ்சளாகிப் பின்னர் தீய்ந்ததுபோல் பழுப்பானால் சாம்பல்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். கொழுந்திலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் பல வேளைகளில் மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுந்திருப்பதால் அது வேருக்குக் கிடைப்பதில்லை. மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தக்காளிக்கு 6.0 முதல் 6.8 வரை இருப்பது ஏற்றது.

செடி செழிப்பாகக் காய்த்துக்கொண்டிருக்கும்போது அடியில் நிழலில் கிடக்கும் ஓரிரு இலைகள் மட்டும் பழுத்தால், அது மூப்புதான். கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடலாம்.

படி 3: உரத்தால் தீராதவற்றை விலக்குங்கள்

மஞ்சளோடு பழுப்புப் புள்ளிகளும், அவற்றுக்குள் வளையம் வளையமாகக் கோடுகளும் தெரிந்தால் அது பூஞ்சையால் வரும் இலைக்கருகல் நோய். அந்த இலைகளை அகற்றுங்கள். இனி இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் விடுங்கள். ஊசி முனையளவு மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருந்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய வலை தென்பட்டால் சிலந்திப்பேன் குடியேறியிருக்கிறது. கொழுந்திலைகள் சிறுத்து, மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டு, விளிம்பு மஞ்சளாகி, செடியின் வளர்ச்சியும் நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் தாக்கியிருக்கக்கூடும். அதற்கு மருந்தில்லை. மனம் கேட்காதுதான், ஆனாலும் மற்றச் செடிகளைக் காக்க அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே சரி.

படி 4: இப்போது உரம்

தொட்டிச் செடிக்கு அடிக்கடி நீர் ஊற்றுவதால் தழைச்சத்து கரைந்து வெளியேறிவிடுகிறது. எனவே நிலத்துச் செடியைவிட அதற்கு அடிக்கடி ஊட்டம் தேவைப்படும். நட்டு இரண்டு, மூன்று வாரங்களில் வேர் பிடித்தபின், வேரடியைச் சுற்றி இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள். நீரில் கரையும் 19:19:19 உரம் வைத்திருந்தால், லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். அந்த மூன்று எண்களும் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்துகளின் விழுக்காட்டைக் குறிக்கின்றன. காய்ந்து கிடக்கும் மண்ணில் உரக்கரைசலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் நீரால் மண்ணை நனைக்காவிட்டால் வேர் கருகும்.

பூக்கத் தொடங்கியபின் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்து மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் இலை மட்டும் காடாக வளர்ந்து காய் குறையும். மெக்னீசியக் குறைவு உறுதியானால், மெக்னீசியம் அடங்கிய எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து வெயில் தணிந்த வேளையில் இலைமேல் தெளிக்கலாம். எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பே மருந்து என்று பரவியிருக்கும் பேச்சை நான் ஏற்பதில்லை. மண்ணில் மெக்னீசியம் மிகுந்தால், சுண்ணாம்புச்சத்தை வேர் எடுத்துக்கொள்வது தடைப்பட்டுக் காயின் அடிப்பகுதி அழுகவும் வாய்ப்புண்டு.

படி 5: புதிய இலையைப் பாருங்கள்

நன்கு மஞ்சளாகிவிட்ட இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது என்பதால், அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். உரமிட்ட அன்று உச்சியில் உள்ள கொழுந்துக்குக் கீழே தண்டில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து நூலுக்கு மேலே வந்திருக்கும் இலைகள் பச்சையாக இருந்தால் அதே அளவைத் தொடரலாம். அவையும் வெளுத்திருந்தால் உரத்தைக் கூட்டாமல், மீண்டும் முதற்படிக்குச் சென்று மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்.