வீடு கட்டும்போது மனையிலுள்ள பெரிய மரத்தின் வேர்களைக் காப்பது எப்படி?

மனையில் நிற்கும் முதிர்ந்த வேப்பமரத்தையோ மாமரத்தையோ வெட்டாமல் விட்டாலே காப்பாற்றிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கட்டுமான வேலையில் அறுபட்டும் நசுங்கியும் போன வேர்களின் பாதிப்பு, குடிபுகுந்து சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 2 அடிக்குள், கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே கடைக்காலுக்குக் கோடு போடும் முன்பே, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, 3.14-ஆல் வகுத்து விட்டத்தைக் கண்டு, அதன் 12 மடங்கை ஆரமாகக் கொண்டு வட்டம் போடுங்கள். சுற்றளவு 5 அடி என்றால் ஆரம் ஏறத்தாழ 19 அடி. ஒரு கிரவுண்டு மனையில் எல்லாப் பக்கமும் இவ்வளவு இடம் விடுவது கடினம்தான். வீடு வரும் பக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம்; அங்கும் அடிமரத்திலிருந்து 8 அடிக்குள் தோண்ட வேண்டாம். மரத்தைத் தாங்கும் தடித்த வேர்கள் அறுபட்டால் புயலில் மரமே சாய்ந்துவிடக்கூடும்.

வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்துவிடுங்கள். நிழலைத் தேடி ஜல்லியும் எம்-சாண்டும் மரத்தடியில்தான் வந்து இறங்கும். லாரி ஏறி இறங்கினால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. சிமெண்டுச் சட்டி கழுவும் நீரும் அங்கே விழக் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மண் நிரப்புவதைத்தான். சாலை உயர உயர, மனையையும் கிராவல் கொட்டி இரண்டு மூன்று அடி உயர்த்துகிறோம். அடிமரம் விரிந்து வேராகும் இடம் புதைந்தால் பட்டை அழுகும். கீழுள்ள வேர்கள் மூச்சுமுட்டும். மரத்தைச் சுற்றி உறைபோல் சுவர் எழுப்பினால் போதும் என்று மேஸ்திரி சொல்லக்கூடும். அது அடிமரத்தைக் காக்குமே தவிர, வெளியே பரவிய வேர்களைக் காக்காது. பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்தி, வட்டத்துக்குள் பழைய தரைமட்டத்தை அப்படியே விட்டு, மழைநீர் வடிய வழி செய்யுங்கள்.

மரத்தை ஒட்டிய பக்கத்தில் தொடர் கடைக்காலுக்குப் பதிலாகப் பில்லர்களும், அவற்றை இணைத்துச் சுவரைத் தாங்கியபடி மண்ணுக்கு மேலே செல்லும் பிளிந்த் பீமும் பொருந்துமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். அந்தக் குழிகளை ஆட்களே தோண்டட்டும். ஜேசிபி வேரை அறுப்பதில்லை, பிய்த்து இழுக்கிறது, கிழிசல் அடிமரத்தை நோக்கி ஓடுகிறது. தடித்த வேர் குறுக்கிட்டால் குழியைச் சற்று நகர்த்தப் பாருங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கூரிய ரம்பத்தால் நேராக அறுத்து, தாரோ பெயிண்டோ பூசாமல், குழி மூடும்வரை ஈரக் கோணியால் போர்த்தி வையுங்கள். காங்கிரீட் கொட்டும் முன் வேர்ப்பக்கம் பாலிதீன் தாள் விரிப்பது நல்லது.

வட்டத்துக்குள் காய்ந்த இலைதழையை 3 அங்குலம் பரப்பி, அடிமரத்தை ஒட்டாமல் விட்டு, வேலை முடிந்த பின்னும் இரண்டு கோடைக்காவது மண் ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். முற்றத்துக்குத் தளம் போடும்போது அந்த இடத்தை மட்டும் மண்தரையாகவே விட்டுவிடுங்கள்.