ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்துடன் மூன்று நாட்கள்: நாளுக்கு ஒரு முன்பதிவு போதும்

ஆம்ஸ்டர்டாமுக்குக் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மூன்று நாட்கள் செல்ல நினைப்பவர்கள், பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் எழுதிவைத்து, அவற்றை நாட்களுக்குப் பங்கிடுவதிலிருந்தே திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அந்நகரின் பெரிய அருங்காட்சியகங்களில் நேரம் குறித்த நுழைவுச்சீட்டு முறை நடைமுறையில் இருப்பதால், ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு நேரம் வாங்கிவிட்டால், குழந்தை பசிக்கிறது என்று அழும்போதும் பாட்டி சற்று உட்கார வேண்டும் என்று கேட்கும்போதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். நாளுக்கு ஒரே ஒரு முன்பதிவு செய்துகொண்டு, மீதி நேரத்தைக் கால்வாய்க் கரைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பதுதான் அந்நகரில் மிக அழகானது.

எப்போது செல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். துலிப் மலர்களுக்காகவே செல்வதானால், லிஸ்ஸே என்னும் ஊரிலுள்ள கெய்கென்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை மட்டுமே திறந்திருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் மே இறுதிக்குப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் மலர்களைப் பார்க்க இயலாது. ஏப்ரல் 27 அரசர் தினம். அன்று நகர் முழுவதும் ஆரஞ்சு உடையணிந்த கூட்டத்தால் நிறைந்து, மையப் பகுதியில் டிராம் வண்டிகள் ஓடுவதே கடினமாகிவிடும் என்பதால், கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். எந்த மாதமானாலும் மழை வரும், காற்றும் சேர்ந்து வரும். குடையை அந்தக் காற்று மடக்கிவிடுவதால், தலையை மூடும் மழைச்சட்டையை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. கடைசி வாரம் வரை காத்திருப்பது வீண் பதற்றத்தில் முடியும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். குழந்தைக்கும் தனி விண்ணப்பம்தான்.

அடுத்தது தங்குமிடம். இதில்தான் நாங்கள் முதல் முறை தவறு செய்தோம். கால்வாயைப் பார்த்தாற்போல் ஜன்னல் உள்ள பழைய வீடு என்பதில் மயங்கி, மூன்றாம் மாடியில் ஓர் இடத்தை எடுத்தோம். கதவைத் திறந்ததும் ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் ஒரு மரப்படிக்கட்டு நின்றது. ஒவ்வொரு படியும் பாதத்தின் முன்பாதிக்கு மட்டுமே இடம் கொடுத்தது. கைப்பிடிக்குப் பதிலாகச் சுவரோரம் ஒரு தடித்த கயிறு தொங்கியது. என் மாமியார் அந்தக் கயிற்றை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. மூன்று நாட்களும் அவர் காலையில் ஒருமுறை இறங்கி, இரவில் ஒருமுறை ஏறியதோடு சரி. நடுவில் ஓய்வெடுக்க அறைக்கு வருவதற்கே அஞ்சினார்.

அந்த வீடுகளின் உச்சியைக் கவனித்தால் படிக்கட்டுகள் எவ்வளவு குறுகியவை என்பது புரியும். குறுகிய முகப்பின் மேல் நுனியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கொக்கி இருக்கும். படிக்கட்டு வழியாக அலமாரியோ கட்டிலோ ஏற முடியாது என்பதால், கயிறு கட்டி வெளிப்புறமாக மேலே இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே வாங்குவதற்காக அமைத்த ஏற்பாடு அது. ஆகவே முன்பதிவு செய்யும் முன், மின்தூக்கி இருக்கிறதா, வாசலிலிருந்து மின்தூக்கி வரைக்கும் படிகள் இருக்கின்றனவா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அறை வாடகையின் மீது 12.5 சதவீதம் நகரச் சுற்றுலா வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மையப் பகுதி கட்டுப்படியாகாவிட்டால், ரயிலில் கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஹார்லெம் நகரில் தங்கலாம். அதுவும் அழகிய பழைய ஊர்தான். மத்திய ரயில் நிலையத்துக்கு அருகிலேயே வேண்டும் என்று தேடுபவர்கள், அதையொட்டிய டி வாலன் பகுதி சிவப்பு விளக்குப் பகுதி என்பதை அறிந்து தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளுடன் தங்க யோர்டான் பகுதியும், அருங்காட்சியகச் சதுக்கத்தின் சுற்றுப்புறமும் அமைதியானவை.

முன்பதிவுகளில் மிகக் கடினமானது பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263-ஆம் எண்ணிலுள்ள ஆன் ஃபிராங்க் இல்லம். அதன் சீட்டுகள் இணையத்தில் மட்டுமே கிடைக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரங்களுக்குப் பிந்தைய நாட்களுக்கான சீட்டுகள் வெளியாகி விரைவில் தீர்ந்துவிடும். பயண நாளிலிருந்து ஆறு வாரங்கள் பின்னோக்கி எண்ணி, அந்தச் செவ்வாயை நாட்காட்டியில் குறித்துவைத்து, அது கிடைத்த பிறகே மற்ற நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை யூதச் சிறுமி ஆன் உட்பட எட்டுப் பேர் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த அந்தப் பின்கட்டுக்குச் செல்லும் படிகளும் செங்குத்தானவையே. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் என்பேன்; அங்கிருக்கும் மௌனத்தை அவர்களால் தாங்க இயலாது. பெற்றோரில் ஒருவர் பெரிய பிள்ளையுடன் உள்ளே செல்ல, மற்றவர் சிறியவர்களோடு கரையில் இருக்கலாம்.

ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் வான் கோ அருங்காட்சியகத்திலும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. ஆகையால் பல இடங்களை உள்ளடக்கிய நகர அட்டையைக் குடும்பம் முழுவதற்கும் வாங்கும் முன் கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்த அட்டையில் ஆன் ஃபிராங்க் இல்லமும் சேராது. ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன் குழந்தையை நிறுத்தி, ஆயுதம் தாங்கிய ஆண்களுக்கு நடுவே பொன்னிற உடையில் ஒளிரும் சிறுமியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; அவள் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்குவதையும் காட்டுங்கள். வலது மூலையில் ஒரு நாயும் இருக்கிறது. அந்த ஓர் ஓவியத்தை அப்படிப் பார்த்துவிட்டு வெளியேறினாலும் நிறைவே. ஓவியங்களில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கு நேமோ அறிவியல் அருங்காட்சியகம் பொருந்தும். கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த, கப்பல் முகப்பைப் போன்ற அந்தப் பச்சைக் கட்டடத்தின் சரிவான கூரைமேல் கட்டணமின்றி ஏறி நகரைப் பார்க்கலாம்.

கால்வாய்களின் அமைப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் வழி தவறாது. சிங்கல், ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற நான்கும் உள்ளிருந்து வெளியே, விசிறியின் வளைவுகள் போல் மையத்தைச் சூழ்ந்திருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் திட்டமிட்டு வெட்டிய இந்த வளையத்தை யுனெஸ்கோ 2010-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பின்னைய மூன்றிலும் வடக்கே பிரௌவர்ஸ்கிராக்ட் முனையில் தொடங்கும் வீட்டெண்கள், ஆம்ஸ்டல் ஆற்றை நோக்கி ஏறிக்கொண்டே போகும் என்பதால், கையில் எண் இருந்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். படகுப் பயணத்தை முதல் நாள் மாலையே வைத்துக்கொள்ளுங்கள். விமானக் களைப்பில் நடக்க முடியாதவர்களும் உட்கார்ந்தபடியே நகரைப் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரப் பயணம் போதுமானது. ரெகுலியர்ஸ்கிராக்டும் ஹேரன்கிராக்டும் சந்திக்கும் இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். விளக்கேற்றிய பிறகு அந்தக் காட்சியைத் தாத்தாவின் மடியிலிருந்து பார்க்கும் குழந்தை நிச்சயம் மறக்காது.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. பெரும்பாலான கால்வாய்க் கரைகளில் தடுப்புக் கம்பி கிடையாது. தெரு முடிந்தால் தண்ணீர்தான். சிறு குழந்தையை எப்போதும் வீடுகளின் பக்கமாக நடத்துங்கள், கையை விடாதீர்கள். மற்றது மிதிவண்டிகள். செந்நிறத் தளமாகத் தெரியும் பாதை மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு உரியது. அதில் நின்று படம் எடுக்கக் கூடாது. மணியோசை கேட்டால் முன்னும் பின்னும் தடுமாறாமல் நின்றுவிட வேண்டும். ரைக்ஸ் அருங்காட்சியகக் கட்டடத்தின் நடுவிலேயே மிதிவண்டிப் பாதை செல்கிறது என்றால் அந்நகரத்தார் வாழ்வில் மிதிவண்டிக்குள்ள இடம் விளங்கும். காபி குடிக்க எண்ணுபவர்கள் ‘காஃபிஷாப்’ என்ற பலகையுள்ள கடைக்குள் நுழைய வேண்டாம். அங்கே விற்பது கஞ்சா. காபிக்குக் ‘கஃபே’ என்ற பலகையைத் தேடுங்கள்.

டிராமில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் காட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை தனியாக வேண்டும். நாள் முழுதும் ஏறி இறங்குவதானால் நகரப் போக்குவரத்தின் நாள் சீட்டு வசதியானது. அது விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டு தேவையில்லை.

உணவுக்குக் கவலை வேண்டாம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பிள்ளைகளுக்குப் பணியாரத்தை நினைவூட்டும், வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் தூவிய பாஃபர்ட்ஜஸ் பிடித்துப்போகும். காரம் தேடும் பெரியவர்கள் சுரிநாம் உணவகங்களில் ரொட்டி கேளுங்கள். டச்சுக் குடியேற்றமாக இருந்த சுரிநாமுக்கு 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வழிவந்த உணவு அது. உருளைக்கிழங்கும் நீளக் காராமணியும் மசாலாவில் வெந்து வரும். இறைச்சி இல்லாமலும் கிடைக்கும். அதை உண்டபோதுதான் என் மாமியார் அந்தப் பயணத்தில் முதன்முறையாக இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார்.

கடைசி நாள் காலையை எதற்கும் பதிவு செய்யாமல் விடுங்கள். பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு, மத்திய நிலையத்தின் பின்புறம் சென்றால், எய் நீர்ப்பரப்பைக் கடக்கும் படகு கட்டணமின்றி ஏற்றிச் செல்லும். அலுவலகம் செல்பவர்களும் மிதிவண்டிகளும் நிறைந்த அந்தப் படகில் அக்கரை சென்று திரும்ப அரை மணி நேரம்கூட ஆகாது. பின்னர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினால், ஸ்கிபோல் விமான நிலையம் ஏறத்தாழ 15 நிமிடப் பயணம். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போது அங்கே சேர்ந்துவிடுங்கள்.