ஸ்ப்ளிட் ஏசி அவுட்டோர் யூனிட்: ஸ்டாண்ட் அடிப்பது முதல் கேஸ் திறப்பது வரை

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறி அதே கேஸ்தான் ஆயுசு முழுக்கச் சுற்றுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். வருஷா வருஷம் பங்குனி பிறந்ததும் ‘கேஸ் டாப்-அப்’ போடும் வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாட்டிய அன்று போட்ட ஃபிளேர் ஜாயின்ட்டை, அதாவது காப்பர் குழாயின் முனையை விரித்து நட் போட்டு இறுக்கும் இணைப்பை. அதைச் சரிசெய்யாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது வீண் செலவு.

கீழே சொல்வது 1.5 டன், ஆர்32 கேஸ், இன்வர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசிக்கு. மற்ற அளவுகளுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். கம்பெனி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மின்சாரமும் உயர் அழுத்தமும் சேர்ந்த வேலை என்பதால் பயிற்சி உள்ள டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியும் நடக்கிறதா என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

எங்கே வைப்பது

அறையின் சூட்டை வெளியே கொட்டுவதுதான் அவுட்டோரின் வேலை. கொட்டிய சூடான காற்று திரும்பிப் பின்பக்கமாக உள்ளே போனால், கம்ப்ரசர் அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும். உச்சி வெயிலில் ட்ரிப் ஆகி நிற்கவும் செய்யும். பின்பக்கச் சுவருக்கும் யூனிட்டுக்கும் குறைந்தது 10 செ.மீ, வால்வு இருக்கும் பக்கம் 30 செ.மீ, ஃபேன் காற்று வெளியேறும் முன்பக்கம் 60 செ.மீ-க்கு மேல் இடம் விடுங்கள். பாத்ரூம் ஷாஃப்ட்டுக்குள்ளும், நெருக்கமான கிரில்லும் ஷீட்டும் போட்டு அடைத்த பால்கனியிலும் வைப்பது மோசமான முடிவு. மேற்கு வெயில் படுகிறதே என்று கவலைப்படுவோர் மேலே ஒரு கூரைத் தகடு போடலாம். ஆனால் நாலு பக்கமும் மூடிப் பெட்டி கட்டினால் வெயிலே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

தரைத்தளத்தில் வைப்பவர்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, அதற்கு மேலே ஸ்டாண்ட் அடிக்க வேண்டும். கம்ப்ரசரும் இன்வர்ட்டர் போர்டும் நனைந்தால் ரிப்பேர் செலவு புது ஏசி விலையை நெருங்கும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் நினைக்க வேண்டியது 2016-ன் வர்தா புயலை. இரும்பு ஃபிரேம் மேல் சும்மா உட்கார வைத்த யூனிட் அந்தக் காற்றில் நிற்காது. ஃபிரேமைத் தளத்தோடும், யூனிட்டின் நாலு காலையும் ஃபிரேமோடும் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில் பெசன்ட் நகர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று சாதாரண போல்ட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் கால்வனைஸ் செய்த ஸ்டாண்டும் வேண்டும். காயில் மேல் அவ்வப்போது நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுவதும் பலன் தரும். சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் தொல்லை வேறு மாதிரி: கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு தாமிரத்தைக் கறுக்கவைத்து அரிக்கும். அந்தப் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கச் சுவருக்குப் போக முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று, கட்டாயமானது. சர்வீஸுக்கு வருபவர் அந்த யூனிட்டைக் கையால் எட்ட முடிய வேண்டும். மூன்றாம் மாடி வெளிச்சுவரில், ஜன்னலுக்குக்கூட எட்டாத இடத்தில் மாட்டினால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒருவர் சன்ஷேடில் உயிரைப் பணயம் வைத்து நிற்கிறார். வீட்டுக்குள் அழகு குறைந்தாலும் பால்கனி ஓரத்தைக் கொடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் சேஃப்டி பெல்ட் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

ஸ்டாண்ட்

1.5 டன் அவுட்டோர் சுமார் 25 முதல் 40 கிலோ இருக்கும். நிற்கிற எடை மட்டுமல்ல, அது அதிர்ந்துகொண்டே இருக்கிற எடை. 10 அல்லது 12 மி.மீ ஆங்கர் போல்ட் போடுங்கள். பூச்சு எந்தப் பளுவையும் தாங்காது. போல்ட் செங்கல்லுக்குள் அல்லது கான்கிரீட்டுக்குள் இறங்கிய ஆழம்தான் கணக்கு. இரண்டு செங்கல் சேரும் கலவை இடுக்கில் துளை விழுந்தால் அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே ஆங்கர்.

புது அடுக்குமாடிகளில் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரும் ஹாலோ பிளாக் சுவரும் அதிகம். இவற்றில் சாதாரண ஆங்கர் இறுகுவது போலத் தோன்றி, மெல்ல மெல்லக் கழன்று வரும். பக்கத்தில் இருக்கும் கான்கிரீட் பீமில் அடிக்க வேண்டும். பீம் இல்லையென்றால் போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் வரை விட்டு, அங்கே இரும்புத் தகடு வைத்து நட் போட வேண்டும். யூனிட்டின் காலுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ரப்பர் பேட் வைத்து, மட்டம் பார்த்து இறுக்குங்கள்.

காப்பர் பைப்

1.5 டன்னுக்குப் பெரும்பாலும் கால் இஞ்ச் திரவக் குழாயும், கேஸைக் கம்ப்ரசருக்குத் திருப்பிக் கொண்டுவரும் அரை இஞ்ச் சக்‌ஷன் குழாயும் வரும். சில மாடல்களில் சக்‌ஷன் 3/8 இஞ்ச். ஆர்32-ன் அழுத்தம் பழைய ஆர்22-ஐவிட அதிகம் என்பதால் குழாய்ச் சுவர் 0.8 மி.மீ தடிமன் இருக்க வேண்டும். கடையில் ‘ஹெவி கேஜ்’ என்று சொன்னால் மட்டும் நம்பாமல் தராசில் வையுங்கள்: அரை இஞ்ச் குழாய் 0.8 மி.மீ என்றால் மீட்டருக்குச் சுமார் 268 கிராம், 0.6 என்றால் 204 கிராம்தான். கால் இஞ்ச் 0.8 மி.மீ என்றால் 125 கிராம்.

நீளம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, 15 மீட்டரைத் தாண்டவும் வேண்டாம். குழாயின் இரு முனையும் ஃபிளேர் போடும் நிமிஷம் வரை மூடியே இருக்கட்டும். சுவரில் 65 மி.மீ துளை, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் குழாயோடு அறைக்குள் வரும். வளைவுக்கு பெண்டர் அல்லது ஸ்பிரிங் பயன்படுத்துங்கள். ஒரே இடத்தை வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தால் தாமிரம் இறுகி விரிசல் விடும்.

இன்சுலேஷன் தடித்த குழாய்க்கு மட்டும் போதும் என்பது தவறு. ஸ்ப்ளிட் ஏசியில் அழுத்தம் குறையும் கேபிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மெல்லிய குழாயும் குளிர்ந்துதான் வரும், அதுவும் வியர்க்கும். இரண்டுக்கும் தனித்தனியாக நைட்ரைல் ரப்பர் குழாய் போட்டு, பிறகு ஒன்றாகச் சுற்றுங்கள். டேப்பை இறுக்கி நசுக்கினால் அந்த இடத்தில் தண்ணீர் சொட்டும்.

ஃபிளேர்: நிதானம் வேண்டிய இடம்

ரம்பம் வேண்டாம், கட்டர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெட்டுங்கள். பிறகு குழாயின் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து ரீமரால் உள்விளிம்புப் பிசிறை எடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தாமிரத் தூள் உள்ளே விழுந்து பிற்பாடு எக்ஸ்பான்ஷன் வால்வில் போய்ச் சிக்கும். ஃபிளேர் நட்டை முதலில் கோர்த்துவிட வேண்டும். ஆர்32-க்கான எக்சென்ட்ரிக் ஃபிளேரிங் டூல் என்றால் குழாய் டூலின் மட்டத்திலிருந்து 0 முதல் 0.5 மி.மீ வெளியே நின்றால் போதும்.

முடிந்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உள்முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக, சுற்றிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அரை இஞ்ச் குழாயில் ஃபிளேரின் வெளி விட்டம் 16.2 முதல் 16.6 மி.மீ, கால் இஞ்சில் 8.7 முதல் 9.1 மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு இஞ்ச் காப்பர்தான் நஷ்டம்.

ஃபிளேர் முகத்தில் அந்தக் கேஸுக்கு உரிய கம்ப்ரசர் ஆயில் ஒரு துளி தடவலாம். டெஃப்லான் டேப்புக்கு இங்கே வேலையே இல்லை. நட்டை முதலில் கையால் பல சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் குழாய் நேராக நிற்கவில்லை. பிறகு இரண்டு ஸ்பேனர், அதில் ஒன்று இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர்: கால் இஞ்சுக்கு 14–18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50–60. பலம் கொண்டமட்டும் இறுக்கினால் கசியாது என்று நினைப்பது தப்பு. ஃபிளேர் மெலிந்து, சில மாதங்கள் கழித்து அதிர்விலும் சூட்டிலும் விரிசல் விடும்.

நைட்ரஜன் டெஸ்ட்

கம்பெனி நிரப்பிய கேஸ் அவுட்டோருக்குள் இருப்பதால் அதன் வால்வுகள் இரண்டும் மூடியே இருக்கட்டும். ரெகுலேட்டர் மாட்டிய நைட்ரஜன் சிலிண்டரால் முதலில் 75 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), பிறகு 150, கடைசியில் 400 என்று படிப்படியாக ஏற்றுங்கள். நாலு ஃபிளேரிலும் சோப்பு நுரை தடவி, ஒவ்வொன்றையும் நின்று பாருங்கள். சிறிய கசிவின் குமிழ் மெதுவாகத்தான் வரும். அரை மணி நேரமாவது அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். 400 பிஎஸ்ஐயில் ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய 1.4 பிஎஸ்ஐ இறங்கும். மாலையில் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்துப் பதற வேண்டாம், வெப்பநிலையையும் கணக்கில் சேருங்கள்.

நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. ஆயிலும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் குண்டு வெடித்தது போல வெடிக்கும்.

வேக்கம்

குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வேக்கம். சீசனில் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். வேக்கம் பம்ப்புக்குப் பதிலாக, யூனிட்டில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்து குழாயில் இருக்கும் காற்றைத் தள்ளி வெளியேற்றுவார்கள். காற்றின் பெரும்பகுதி போய்விடும், ஈரம் போகாது. ஆர்32 யூனிட்களில் பொதுவாக இருக்கும் செயற்கை ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பாலியால் எஸ்டர் வகையாக இருந்தால் அது சிதைந்து அமிலமாகி, கம்ப்ரசர் வைண்டிங்கைக் கெடுக்கும். தங்கிய காற்றோ கண்டன்சரில் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் என்பதையும், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதைத் தெருவில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு டூ-ஸ்டேஜ் பம்ப்பை மாட்டுங்கள். ஆர்32 யூனிட்டின் சர்வீஸ் போர்ட் பெரும்பாலும் 5/16 இஞ்ச், பழைய கால் இஞ்ச் ஹோஸுக்கு அடாப்டர் வேண்டும். மேனிஃபோல்டில் (ஹோஸ்களும் கேஜ்களும் சேர்ந்த கருவி) உள்ள சாதாரண கேஜ் முள் மைனஸ் 30-ல் போய் நிற்பதை வைத்து முடிவு செய்ய முடியாது; அதற்கு மேல் நடப்பது அந்த முள்ளில் தெரியாது. மிகக் குறைந்த அழுத்தத்தையும் அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே காட்ட வேண்டும். காற்று மண்டல அழுத்தம் 7,60,000 மைக்ரான். அழுத்தம் இந்த அளவுக்கு இறங்கும்போது குழாய்ச் சுவரில் ஒட்டிய தண்ணீர்கூடக் கொதித்து ஆவியாகி வெளியேறும்.

பிறகு பம்ப் பக்க வால்வை மூடிப் பத்து நிமிஷம் கேஜைக் கவனியுங்கள். கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றால் ஈரம் மிச்சம், மறுபடி பம்ப் ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு, ஹோஸ் ஜாயின்ட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கேஸ் திறப்பது

ஹோஸைக் கழற்றும் முன், திரவ வால்வை ஆலன் கீயால் சற்றே திறந்து உள்ளே அழுத்தம் வரவிடுங்கள்; வேக்கத்திலேயே கழற்றினால் வெளிக்காற்று உள்ளே ஓடிவிடும். பிறகு இரண்டு வால்வையும் முழுக்கத் திறந்து, பித்தளை மூடிகளை இறுக்குங்கள். அந்த மூடியும் கசிவைத் தடுக்கும் பாகம்தான், தொலைத்துவிட்டுச் சும்மா விடக் கூடாது.

கம்பெனி நிரப்பிய கேஸ் எத்தனை மீட்டர் குழாய் வரைக்கும் என்பது மேனுவலில் இருக்கும், மாடலைப் பொறுத்து 5 அல்லது 7.5 மீட்டர். அதற்கு மேல் கால் இஞ்ச் திரவக் குழாய்க்கு மீட்டருக்கு 15 முதல் 20 கிராம். 5 மீட்டர் கணக்குள்ள யூனிட்டுக்கு 8 மீட்டர் குழாய் என்றால், 20 கிராம் வீதம் 60 கிராம். இதைத் தராசில் எடைபோட்டே ஏற்ற வேண்டும். இன்வர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் அழுத்தத்தைப் பார்த்து ஏற்றுவது வெறும் ஊகம்.

வயரும் ட்ரெயினும்

இன்டோர், அவுட்டோர் டெர்மினல் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மாறினால் கம்யூனிகேஷன் எரர் வரும், போர்டும் போகலாம். நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே கேபிள், தனி எம்சிபி, உண்மையிலேயே வேலை செய்யும் எர்த். ட்ரெயின் குழாய் மீட்டருக்கு ஒரு செ.மீ சரிவாவது இருக்கட்டும், அதன் முனை தண்ணீருக்குள் முங்கக் கூடாது.

கால் மணி நேரம் ஓடிய பிறகு தடித்த குழாயின் வால்வு வியர்த்திருந்தால் நல்லது. மெல்லிய குழாயில் மட்டும் பனி படிந்திருந்தால் கேஸ் குறைவு, அல்லது எங்கோ அடைப்பு. கடைசியாக ஒரு மார்க்கர் எடுத்து, அவுட்டோர் வால்வுகளை மறைக்கும் பக்கக் கவரின் உள்பக்கம் குழாய் நீளம், ஏற்றிய கிராம், தேதி மூன்றையும் எழுதுங்கள். பிற்பாடு கசிவை அடைத்துவிட்டுக் கேஸை முழுக்க நிரப்ப வருபவர், கம்பெனி நிரப்பிய எடையோடு இதைக் கூட்டினால் மொத்த எடை கிடைத்துவிடும்.