தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு: பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைக்குத் தொழிற்பயிலுநர் இடம் தேடுதல்

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊரான திருகோணமலைக்கு முதன்முறையாக வந்து சேரும் பிள்ளைகளுள் பலர் பத்தாம் வகுப்போடோ பன்னிரண்டாம் வகுப்போடோ படிப்பை முடித்தவர்கள். வந்த சில வாரங்களிலேயே உறவினர் ஒருவர் தமக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள் திருத்தகத்திலோ வெல்டிங் பட்டறையிலோ அவர்களைச் சேர்த்துவிடுவதுண்டு. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் உதவிதான். ஆயினும் அதை ஏற்பதற்கு முன்னர், அதே தொழிலைப் பதிவுபெற்ற பயிலுநராகக் கற்க வழியுண்டா என்று விசாரியுங்கள். பதிவில்லாமல் சில ஆண்டுகள் நின்ற பிள்ளைக்குக் கை பழகியிருக்கும். ஆனால் வேறிடத்தில் வேலை கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இராது.

முதலில் ஆவணங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்கவேண்டும். அது முடிந்தபின், 15 வயது நிறைந்தவர் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இவை கையில் வரும்வரை வீட்டில் காத்திருக்கவேண்டாம். ஆலோசனை பெறுவதை அதற்கிடையிலேயே தொடங்கிவிடலாம்.

குச்சவெளியில் குடியேறினாலும் மூதூரில் குடியேறினாலும், அந்தப் பிரதேச செயலகத்திற்குச் சென்று தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தைச் சேர்ந்த உத்தியோகத்தர்கள் இப்பணியைச் செய்கிறார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோர் உடன் செல்வது நல்லது, ஆனால் பேசவேண்டியவர் பிள்ளைதான். என்ன படித்தார், எந்த வேலையில் மனம் செல்கிறது, முகாமில் இருந்தபோது என்ன வேலை பழகினார் என்பவற்றை அவரே சொன்னால்தான் வழிகாட்டல் பொருந்தி வரும். தாய்தந்தையர் “ஏதாவது ஒரு வேலை போதும்” என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், கிடைப்பதும் ஏதாவது ஒன்றாகவே இருக்கும்.

பயிலுநர் பயிற்சியைப் பொறுப்பேற்று நடத்துவது, மக்கள் ‘நைட்டா’ என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. வகுப்பறையில் அமர்ந்து படிப்பதைக் காட்டிலும், ஒரு நிறுவனத்திலோ தொழிலகத்திலோ நேரடியாக நின்று கற்பதே இதன் அடிப்படை. பல தொழில்களுக்குச் சாதாரண தரச் (இலங்கையின் பள்ளிப் பொதுத்தேர்வு) சித்தி கட்டாயமில்லை. பயிலும் காலத்தில் கிடைப்பது முழுச் சம்பளமன்று. ஆகையால் குடும்பம் அதற்கேற்பத் திட்டமிடவேண்டும். ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னர் இரண்டு விடயங்களைத் தயங்காமல் கேளுங்கள்: பயிற்சியின் முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, அது எத்தனையாம் மட்டம்? மொத்தம் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்திற்கு ஒப்பானது. எனவே பட்டறையில் தொடங்கும் பிள்ளைக்கும் மேற்படிப்பின் வாசல் அடைபடுவதில்லை.

இம்மாவட்டத்தில் எங்கே இடம் தேடலாம் என்பதற்கு நிலவமைப்பே பாதி விடை தருகிறது. சீனன்குடாப் பக்கம் மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருப்பதால், மின்னியல், பொறி பராமரிப்பு போன்ற தொழில்களை நாடுவோர் அங்கு விசாரிக்கலாம். கடற்றொழில் ஊர்களில் படகு இயந்திரம் திருத்தத் தெரிந்தவருக்கு எப்போதும் தேவை உண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சமையலோ விருந்தோம்பலோ கற்க விரும்புபவர், பயணிகள் பெருகும் மே மாதத்திற்கு முன்னரே அணுகவேண்டும். மாரிக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அங்கே கற்றுக்கொடுக்க வேலையே குறைவு. எங்கு சென்றாலும் சிங்களம் பேசவேண்டிய தேவை வரும். அதைப் பயிற்சியோடு சேர்த்தே கற்கத் தொடங்கினால் பட்டறையில் பேச்சுப் பழக்கமும் கிடைக்கும்.

பிள்ளைக்கு 16 வயது நிறையாவிட்டால் வேலைக்கு அனுப்பவேண்டாம். பாடசாலையில் சேர்ப்பதே சட்டமும் நியாயமும். 16 நிறைந்தும் 18 நிறையாதவரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தச் சட்டம் இடங்கொடாது.

முகாமில் இருந்த காலத்தில் பெயின்டிங்கும் கட்டட வேலையும் செய்து கைதேர்ந்த மூத்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவர்கள் ஆரம்பத்திலிருந்து பயிலுநராகச் சேரத் தேவையில்லை. ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையும் நைட்டாவில் உண்டு. செய்த வேலைகளின் படங்கள், முன்பு வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவை இருந்தால், இந்தியாவிலிருந்து புறப்படும்போதே எடுத்து வாருங்கள்.