பில்ட்மோர் மாளிகையில் கிறிஸ்துமஸ்: முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகரில் இருக்கிறது பில்ட்மோர் மாளிகை. மொத்தம் 250 அறைகள். பெருஞ்செல்வர் ஜார்ஜ் வாண்டர்பில்ட் இந்த வீட்டைக் கட்டி, சுற்றத்தாரை முதன்முதலில் வரவேற்றது 1895-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். அதனால் இங்கே மரம் வைத்து அலங்கரிப்பது, ஒரு வகையில் புதுமனைப் புகுவிழாவைத் திரும்பக் கொண்டாடுவதுதான். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் சில நாள்கள் வரை அலங்காரம் இருக்கும்.

1. பகலா, இரவா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி. இரவில் மெழுகுவத்தி ஒளி, கணப்பில் நெருப்பு, நேரடி இசை எல்லாம் உண்டு. ஆனால் வீட்டில் தொடக்கத்திலேயே மின்விளக்கும் லிப்டும் இருந்தன. 1895-இல் வந்த விருந்தாளிகள் வியந்தது மெழுகுவத்தியைப் பார்த்து அல்ல. சுவரில் தொங்கும் திரைச்சீலை ஓவியங்களையும் நூலகக் கூரையின் ஓவியத்தையும் நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டால் பகலே நல்லது. ஒரே முறைதான் போக முடியும் என்றால், என் வாக்கு இரவுக்கு.

2. டிக்கெட்

முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். வார இறுதியைத் தவிர்த்தால் செலவும் நெரிசலும் குறையும்.

3. நேரக் கணக்கு

நான் ஏமாந்தது இங்கேதான். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது வீட்டுக்குள் நுழையும் நேரம். அதை வெளிவாசல் நேரம் என்று நினைத்து, சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி, மிகச் சரியாக வாசலுக்கு வந்து நின்றேன். வாசலிலிருந்து வீட்டுக்குக் காட்டுப் பாதையில் இன்னும் மூன்று மைல். பிறகு வண்டியை நிறுத்த வேண்டும், அங்கிருந்து ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளிவாசலைத் தாண்டிவிடுங்கள்.

4. உடை

வெளியே மலைக்குளிர், உள்ளே கூட்டத்தின் வெக்கை. கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொள்ளக்கூடிய மேலங்கி போதும். படிகள் ஏராளம்; குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். கழிப்பறைக்கு உள்ளே போகும் முன்பே போய்விட்டு வாருங்கள்.

5. உள்ளே

நுழைந்ததும் கண்ணாடிக் கூரை போட்ட உள்தோட்டம். எல்லோரும் போனைத் தூக்குவார்கள். நீங்கள் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு விருந்து மண்டபத்துக்கு நகருங்கள். ஃபிளாஷ் கூடாது.

மண்டபத்தின் கூரை 70 அடி உயரம். அதில் பாதி, ஏறத்தாழ 35 அடி உயரத்துக்கு, பிரேசர் ஃபர் என்ற ஊசியிலை மரம் நிற்கிறது. கிளைகளில் பரிசுப் பெட்டிகள் தொங்குகின்றன. இது இந்த மலைப்பகுதிக்கே உரிய மரம். ஊழியர்கள் கூட்டமாகச் சேர்ந்து கையாலேயே உள்ளே சுமந்து வந்து, கயிறு கட்டி நிமிர்த்துகிறார்கள். மரத்தைத் தொட அனுமதி இல்லை. ஆனால் உதிர்ந்த ஊசியிலை ஒன்று காலடியில் கிடைத்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் இரண்டு வெள்ளிக் கோடுகள் ஓடும். நகத்தால் கீறினால் ஆரஞ்சுத் தோலின் வாசம் லேசாக வரும். எதிரே மூன்று கணப்புகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். பின்னால் வருகிறவர்கள் சுற்றிப் போய்க்கொள்வார்கள்.

மாடிப் படுக்கை அறைகளை வேகமாகக் கடக்கலாம். நான்கைந்து பார்த்ததும் ஒரே மாதிரி தோன்றத் தொடங்கிவிடும்.

6. நிலவறையை விடாதீர்கள்

களைத்துப்போய்ப் பலர் இங்கே நடையை எட்டிப் போடுகிறார்கள். நீச்சல்குளம், பந்துருட்டும் கூடம், பேஸ்ட்ரிக்கென்றே தனிச் சமையலறை, சலவை அறை என்று வீட்டின் விளையாட்டும் உழைப்பும் இங்கேதான் நடந்திருக்கின்றன. வௌவாலும் பூனையும் வரைந்த ஓர் அறை வரும். ஹாலோவீன் அறை என்றே அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் வாண்டர்பில்ட்டின் மகள் கொர்னீலியாவும் அவர் கணவரும் நண்பர்களோடு சேர்ந்து, 1925 டிசம்பர் கடைசியில் நடந்த புத்தாண்டு விருந்துக்காகத் தீட்டிய சுவர்கள் அவை.

வெளியே வந்ததும் உடனே பஸ் வரிசையில் நிற்காதீர்கள். புல்வெளியின் மறுகோடி வரை நடந்து திரும்பினால்தான் முழு வீடும், முன்னால் விளக்கு ஏற்றிய பெரிய ஸ்ப்ரூஸ் மரமும் ஒரே படத்துக்குள் அடங்கும்.