விரிசல் விட்ட ஷாட்கன் கட்டை: ஒட்டிச் சரிசெய்யும் முறை

ஷாட்கன்னின் மரக்கட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விரிசல் விடும். கை பிடிக்கும் மெல்லிய கழுத்தில், மரம் ரிசீவரோடு (சுடும் இயக்கப் பகுதிகள் அடங்கிய உலோகக் கூடு) சேரும் முகப்புக்குச் சற்றுப் பின்னால். அங்கே பசையை மட்டும் ஊற்றி மூடினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும். விரிசலை உண்டாக்கிய காரணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணங்கள்

முதலாவது, கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருப்பது. இடைவெளி விழுந்துவிட்டால் ஒவ்வொரு சூட்டின் பின்னுதைப்பும் மரத்தின் மீது சுத்தியல் அடியாக இறங்கும்.

இரண்டாவது, ரிசீவருக்குப் பின்னால் வால் போல நீளும் டேங் என்ற இரும்புத் தகடு. அதன் நுனி மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுடும்போதெல்லாம் ஆப்பு இறங்குவது போல மரத்தைப் பிளக்கும். டேங் நுனியிலிருந்து நேர்க்கோடாகப் பின்னோக்கி ஓடும் விரிசலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது, எண்ணெய். துப்பாக்கியைக் குழல் மேலே இருக்கும்படி வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தால், ரிசீவருக்கு விட்ட எண்ணெய் முழுவதும் மரத்தின் முகப்பில் இறங்கும். அங்கே மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். நகத்தால் அழுத்தினால் பதியும்.

கழற்றுதல்

தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பரையும் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) மேகசினையும் (மற்றத் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் இடம்) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் மேசையில் தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. சில நாடுகளில் துப்பாக்கிப் பழுதுபார்ப்புக்குத் தனி உரிமம் தேவை. உங்கள் ஊர் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

பம்ப், ஆட்டோ வகைகளில் பெரும்பாலும் ஒரே நீள போல்ட் கட்டையின் பின்பக்கத்திலிருந்து உள்ளே போகும். பின்னால் உள்ள ரப்பர் பேடின் இரண்டு ஸ்க்ரூக்களும் ரப்பருக்குள் மறைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையில் கொஞ்சம் வாசலைன் தடவினால் ரப்பர் கிழியாது. பிறகு நீள ஸ்க்ரூடிரைவர் அல்லது எக்ஸ்டென்ஷன் மாட்டிய சாக்கெட்டால் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்து வையுங்கள். பழைய இரட்டைக்குழல்களில் பலவற்றில் டேங்கிலிருந்து ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வரை மேலும் கீழுமாக ஸ்க்ரூக்கள் ஓடும். அவற்றின் காடிகள் மிகக் குறுகலானவை. காடிக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஒட்டலாமா?

விரிசல் ஒன்றோ இரண்டோ இருந்து, அழுத்தினால் சீராக மூடினால் ஒட்டலாம். மரத்துண்டு காணாமல் போயிருந்தாலோ, கழுத்தின் குறுக்கே முறிந்திருந்தாலோ, முகப்பு முழுவதும் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தாலோ புதுக் கட்டைதான் சரி.

எண்ணெயை எடுத்தல்

ஒட்டு நிற்பதும் விடுவதும் இங்கேதான் முடிவாகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. மெல்லிய மர ஆப்பால் விரிசலை ஒரு மயிரிழை அளவு திறந்து, அசிட்டோனை பிரஷ்ஷாலோ சிரிஞ்சாலோ உள்ளே விடுங்கள். வெளியே வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆழமாக ஊறியிருந்தால், ஒயிட்டிங் எனப்படும் கால்சியம் கார்பனேட் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசி உலரவிடுங்கள். பொடி எண்ணெயை இழுத்துக்கொண்டு நிறம் மாறும். உதிர்த்துவிட்டு மீண்டும் பூசுங்கள். பிறகு ஓர் இரவு முழுக்க உலர வேண்டும்.

அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த வெளியில், நெருப்புக்கும் ஹீட்டருக்கும் தள்ளி, கையுறையோடு செய்யுங்கள். மேல்பூச்சையும் அது கரைக்கும் என்பதால் சுற்றிலும் சிந்தாமல் பாருங்கள்.

ஒட்டுதல்

24 மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸியே வேண்டும். 5 நிமிட எபாக்ஸி உள்ளே ஊறுவதற்குள் கெட்டியாகிவிடும். நுரைத்து விரியும் பாலியூரிதேன் பசை விரிசலைத் தள்ளித் திறக்கும். ஆப்பு நுழையாத மயிரிழை விரிசலுக்கு மட்டும் நீர்த்த சூப்பர் க்ளூ போதும்.

பசை இல்லாமல் ஒருமுறை கட்டிப் பாருங்கள். சைக்கிள் டியூபை 2 செ.மீ. அகல நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால், வளைந்த கழுத்தில் எந்தக் கிளாம்பையும் விட நன்றாகப் பிடிக்கும். போல்ட் துளைக்குள் பசை இறங்காமல் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

கலந்த எபாக்ஸியை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் நீர்த்து ஓடும். ஆனால் இறுகும் நேரமும் குறையும். அதை விரிசலின் ஒரு பக்கம் விட்டு, கட்டையை மெல்ல வளைத்துத் திறந்து மூடுங்கள். பசை மறுமுனையில் எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு ஆப்பை உருவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே டியூபால் இறுக்குங்கள். தாளைச் சுற்றும் முன்பே வழிந்த பசையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

நீளமான விரிசலுக்கு உள்ளே ஒரு பின் (குறுக்கு ஆணி) தேவை. 3 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பி, அதற்கு 3.5 மி.மீ. துளை. ரிசீவர் மறைக்கும் உட்பக்கத்திலிருந்து, விரிசலைக் குறுக்கே கடக்கும் கோணத்தில், போல்ட் துளையைத் தொடாமல் துளையிடுங்கள். ஆழத்தைக் குறிக்க டிரில் பிட்டில் டேப் ஒட்டினால் வெளிப்பக்கம் பொத்துக்கொள்ளாது. கம்பியில் எபாக்ஸி பூசித் திருகி இறக்கி, இறுகியபின் மரத்தோடு சமமாக அராவுங்கள்.

மரமும் இரும்பும் உட்காரும் இடம்

டேங் நுனிக்குப் பின்னால் 0.5 முதல் 1 மி.மீ. வரை வெளிச்சம் தெரிய வேண்டும். கூர்மையான உளியால் மெல்லியதாகச் சீவுங்கள். பின்னுதைப்பைத் தாங்க வேண்டிய முகப்போ இரண்டு பக்கமும் சமமாகத் தொட வேண்டும். இரும்பில் லிப்ஸ்டிக்கை மெல்லியதாகத் தேய்த்து, மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கறை படிந்தால், சுமை முழுவதும் அந்தப் பக்கத்தில். உயர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி மீண்டும் பாருங்கள். பொறுமையாகச் செய்யுங்கள், எடுத்த மரம் திரும்பி வராது. கடைசியில் முகப்பின் வெட்டுமுகத்துக்கு மெல்லிய எபாக்ஸிப் பூச்சு கொடுத்தால் இனி எண்ணெய் இறங்காது.

மேல்பூச்சுக்கு 220, 320, 400 எண் உப்புத்தாளால் இழையோட்டத்தில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

புதுக் கட்டை வாங்கும்போது

மாடல் பெயர் மட்டும் போதாது. அதே மாடலிலும் 12 போருக்கும் 20 போருக்கும் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) ரிசீவர் அளவு மாறலாம். வால்நட் கட்டையில் இழை, கழுத்து வழியாக நேராக ஓட வேண்டும். அங்கே குறுக்கே வெட்டி ஓடும் இழை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். முக்கால்வாசி செதுக்கி விற்கப்படும் கட்டைகளும் அப்படியே பொருந்தாது. லிப்ஸ்டிக் சோதனை அவற்றுக்கும் உண்டு.

போல்ட்டை உறுதியாக இறுக்குங்கள், மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். முதல் 25 தோட்டாக்களுக்குப் பிறகு மீண்டும் இறுக்கிப் பார்த்து, டேங் இடைவெளி அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். இடைவெளி குறைந்திருந்தால் ரிசீவர் மரத்துக்குள் பின்னால் நகர்ந்திருக்கிறது. முகப்பை மறுபடி சோதித்த பிறகே அடுத்த தோட்டா.