பாதி வேலை முடிந்த பழைய ஸ்டேஷன் வேகனை விற்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்காவில் பழைய ஸ்டேஷன் வேகன் (கூரை பின்முனை வரை நீளும் பெரிய குடும்பக் கார்) நிற்கும் பல கராஜ்களில் ஒரே காட்சிதான். எஞ்சினைப் பிரித்துக் கட்டியாகிவிட்டது. பிரேக் புதிது. முன்பக்கம் டிங்கரிங் முடிந்து பிரைமரில் நிற்கிறது. பின்பாதியில் யாரும் இன்னும் கை வைக்கவில்லை. இடையில் பணமோ நேரமோ உடம்போ ஒத்துழைக்காமல் போக, ஒருநாள் விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதன் பிறகு அவசரத்தில் செய்யும் சில காரியங்களால் நல்ல வண்டிகூட மாதக்கணக்கில் விலை போகாமல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பேச்சுக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: 1966 ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர். பக்கவாட்டில் மரப்பலகை அடித்தது போன்ற தோற்றம், பின்னால் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மடக்கு சீட்டுகள், கீழ்நோக்கியும் கதவுபோலப் பக்கவாட்டிலும் திறக்கும் டெயில்கேட் எனும் பின்கதவு. ‘மேஜிக் டோர்கேட்’ என்று ஃபோர்டு பெயரிட்ட அந்த டெயில்கேட் அந்த ஆண்டுதான் அறிமுகமானது.

விற்பதற்கு முன் செய்யும் முதல் தவறு, வண்டியை ‘கொஞ்சம் அழகாக்குவது’. மலிவாக ஒரு பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல விலை வரும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இந்த வண்டிகளைத் தேடி வருபவர்கள் கையில் காந்தத்தோடு வருவார்கள், சிலர் பெயின்டின் தடிமனை அளக்கும் கருவியே வைத்திருப்பார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். புது பெயின்டுக்கு அடியில் பட்டி, அதற்கு அடியில் துரு என்று ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் எஞ்சினைப் பற்றி எவ்வளவு உண்மை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. இந்த வண்டியில் பக்கவாட்டு மரத் தோற்றம் என்பதும் மரமல்ல. அது மரம்போல் அச்சிட்ட வினைல் படலம், சுற்றிலும் ஃபைபர்கிளாஸ் சட்டம். பழைய படலத்துக்கு அடியில் துரு குமிழ் விட்டிருக்கும்போது, அதைச் சரிசெய்யாமல் புதுப் படலம் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிழிந்த பழைய படலத்தோடு, அடியில் இருக்கும் தகரத்தின் படத்தையும் காட்டுங்கள். வாங்குபவருக்கு அதுதான் வேண்டும்.

பிரைமரில் நிற்கும் வண்டி என்றால் எந்த பிரைமர், எந்த ஆண்டு அடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை அடித்துவிட்டு மேலே பெயின்ட் இல்லாமல் வருடக்கணக்கில் விட்டால் உள்ளே துரு பிடிக்கும், வாங்குபவர் மறுபடியும் தகரம் வரை சுரண்ட வேண்டிவரும். எபாக்ஸி பிரைமர் ஈரத்தை அந்த அளவு உள்ளே விடாது. அது அடித்திருந்தால் பெயின்ட் டப்பாவின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். இந்த ஒரு தகவலால் அவர் மனதில் போடும் கணக்கு நிறைய மாறும்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வேகனின் உயிர் பின்பாதியில் இருக்கிறது. விற்பவர்களோ முன்பாதியைப் பற்றியே பேசுகிறார்கள்.

முன்பக்கத்துப் பாகங்களில் பெரும்பாலானவை அதே ஆண்டு செடான், கூபே வண்டிகளுக்கும் பொதுவானவை. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் சாமான் எல்லாம் இன்றும் தேடினால் கிடைக்கும். வேகனுக்கு மட்டுமே உரிய பாகங்களின் கதை வேறு. டெயில்கேட், அதன் கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர், பின்பக்கத்து நீளமான பக்கக் கண்ணாடிகள், கடைசி வரிசை சீட்டின் கீல்கள், கூரை மேல் கேரியர், மரத் தோற்றச் சட்டத்தின் துண்டுகள் ஆகியவற்றைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் மிகக் குறைவு. ஒரு பக்கக் கண்ணாடிக்காக மாநிலம் விட்டு மாநிலம் போய் இன்னொரு பழைய வேகனையே வாங்குபவர்கள் உண்டு. அதனால் ‘உடைந்ததுதானே’ என்று எந்த வேகன் பாகத்தையும் குப்பையில் போடாதீர்கள். உடைந்த கீல் கூட அளவெடுக்க உதவும். கூரை கேரியரை மட்டும் தனியாக விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று தோன்றும். அது இல்லாமல் வண்டிக்குக் குறையும் விலை, தனியாகக் கிடைத்த காசைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

டெயில்கேட் வேலை செய்கிறதா என்று விளம்பரம் போடுவதற்கு முன் பாருங்கள். 1966 டோர்கேட்டை எந்தப் பக்கம் திறப்பதாக இருந்தாலும் கண்ணாடியை முதலில் உள்ளே இறக்கியாக வேண்டும். கண்ணாடியை இறக்காமலே கதவுபோலத் திறக்கும் வசதி 1969 மாடலில்தான் வந்தது. ஆக, கண்ணாடி மேலே நின்றபடி பழுதாகிவிட்டால் டெயில்கேட்டே திறக்காது. கண்ணாடி இறங்குவது, கதவு கீழே மடங்குவது, பக்கவாட்டில் திறப்பது என்று மூன்றையும் ஒரே வீடியோவில் காட்டுங்கள். இப்படி ஒரு வீடியோ, எஞ்சின் உறுமலைவிட அதிகமாக வேகன் பிரியர்களை இழுக்கும்.

துருவையும் பின்னாலிருந்தே தேடுங்கள். டெயில்கேட்டின் அடிவிளிம்பு, ஸ்டெப்னி வைக்கும் குழி, கடைசி சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் பள்ளம், பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி ஆகிய இடங்களில்தான் தண்ணீர் தேங்கும். பீடிங் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அதை வெறும் மழைத்தண்ணீர்ப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். வண்டி ஓடும்போது வேகனின் பின்முனைக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பும். புகைபோக்கியிலிருந்து வரும் புகையையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். குழந்தைகள் உட்காரும் சீட்டு அங்கேதான் இருக்கிறது. ரப்பர் சரியில்லை என்றால் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், விளம்பரத்திலும் எழுதுங்கள்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். ‘90 சதவீதம் முடிந்துவிட்டது’ என்று எழுதுவதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன். சதவீதத்துக்கு இங்கே பொருளே இல்லை. மீதியிருப்பது டெயில்கேட் தகரமும் உள்அலங்காரமும் என்றால், அந்தப் பத்து சதவீதம் இதுவரை செய்ததைவிட அதிகச் செலவு வைக்கலாம். முடித்த வேலை, பாதியில் நிற்கும் வேலை, தொடவே செய்யாதது என்று பிரித்து எழுதுங்கள். முடித்த வேலைக்கு ரசீது, செய்தபோது எடுத்த படங்கள், யார் செய்தது என்ற விவரம் எல்லாம் வேண்டும். பாதியில் நிற்பதுதான் வாங்குபவரை அதிகம் பயமுறுத்தும். பிரித்துப் போட்ட டாஷ்போர்டின் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது கழற்றியவருக்குத்தான் தெரியும். ஆகவே சாமான்களைப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி, எல்லாப் பெட்டிகளையும் தரையில் பரப்பி ஒரு படம் எடுங்கள். விற்க முடிவெடுத்த பிறகு புதிதாக எதையும் கழற்ற வேண்டாம்.

வண்டி ஓடுமா ஓடாதா என்பதில் விலை பெரிதும் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வெளியேற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினை செல்ஃப் அடித்துக் கிளப்புவதைப் படமெடுங்கள். வெளியே தனிக் கேனில் குழாய் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் காட்டிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

விலையில் நடக்கும் குளறுபடிக்குக் காரணம் இரண்டு. ஒன்று, ரசீதுகளையெல்லாம் கூட்டி அதையே விலையாகச் சொல்வது. நீங்கள் போட்ட பணம் அப்படியே திரும்பி வருவது அரிது. இரண்டாவது, தவறான வண்டியோடு ஒப்பிடுவது. 1955 முதல் 1957 வரை செவர்லே விற்ற இரண்டு கதவு நோமாட் சேகரிப்பாளர்கள் துரத்தும் வண்டி. ஏலத்தில் முழுதாகப் புதுப்பித்த ஒரு நோமாட் போன விலையைப் பார்த்துவிட்டு, பாதியில் நிற்கும் நான்கு கதவு வேகனுக்கு விலை போட்டால் போன் மணியே அடிக்காது. ஹேகர்ட்டி நிறுவனம் பழைய வண்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரித்து மதிப்புச் சொல்கிறது. 1 என்றால் கண்காட்சித் தரம், 4 என்றால் ஏதோ ஓடுகிறது என்ற நிலை. பிரித்துப் போட்ட வண்டி அந்த நான்காம் தரத்துக்கும் கீழேதான் நிற்கும், எஞ்சின் புதிதாக இருந்தாலும். விளம்பரத்தில் கேட்கும் விலைகளை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்.

பேப்பர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1981-க்கு முந்தைய வண்டிகளுக்கு இன்றுள்ள 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்) கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி முறை. 1966 ஃபோர்டில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது எழுத்து தொழிற்சாலை, ஐந்தாவது எழுத்து எஞ்சின். அங்கே ‘Z’ என்ற எழுத்து இருந்தால் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 390 கன அங்குல எஞ்சினோடு வெளிவந்த வண்டி. இந்த விவரத் தகடு ஓட்டுநர் கதவில் இருக்கும். துருப்பிடித்த கதவுக்குப் பதிலாக வேறு வண்டியின் கதவை மாட்டியிருந்தால் தகடு ஒன்று சொல்லும், டைட்டில் எனும் உரிமைப் பத்திரம் வேறொன்று சொல்லும். வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் வண்டியில் பொறித்த எண்ணையும் டைட்டிலையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முன்பு வாங்கியபோது டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றாமல் விட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். மாற்றாமல் கைமாற்றி விடுவது சட்டப்படி குற்றம். நியூயார்க் மாநிலத்தில் 1972 மாடலுக்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் டைட்டிலே தருவதில்லை, பதிவுச் சான்றுதான் கைமாறும். வேறு மாநிலத்தவர் வாங்க வந்தால் இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் டயரின் பக்கச்சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் 2310 என்றால் 2010-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலைக்கு அனுப்பக் கூடாது. 1966 வரை வந்த ஃபோர்டுகளில் பிரேக்குக்கு ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு தனித்தனிச் சுற்றுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டராக மாற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள், மாற்றாவிட்டால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

அப்புறம் பணம். காஷியர்ஸ் செக்கை (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் செக்) வாங்கிப் போட்டதும் வங்கி கணக்கில் தொகையைக் காட்டும். செக் போலி என்று தெரிந்தால் வாரங்கள் கழித்துக்கூட அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கேட்ட விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி, மீதியை ‘வண்டி ஏற்றிப்போகிறவரிடம் கொடுங்கள்’ என்று சொன்னால் அது மோசடி. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே சேர்ந்து போய், செக் எழுதுவதைக் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

வண்டி தானாக நகராது என்றால் வின்ச் (கம்பி வடத்தால் வண்டியை இழுத்து ஏற்றும் கருவி) வைத்த லாரி வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டில் வண்டியோடு போகும் பெட்டிகளின் பட்டியலையும் சேர்த்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். விற்ற தகவலை மாநில வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க மறந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவில் அதற்கு 5 நாள்தான் அவகாசம். அதைச் செய்யாவிட்டால் புது உரிமையாளர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.